மாநவமி நாளும் கிருஷ்ணதேவராயரும்

ஒரு நாடு தன் பெருநாட்களிற் படைகளை வீதியில் நடத்திக் காட்டுதல் தக்கதோ, தகாததோ என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 26-ஆம் நாள், தில்லி மாநகரிற் பீரங்கி வண்டிகளும் ஏவுகணைகளும் குடியரசுத் தலைவர் முன்னிலையில் அணியணியாகச் செல்லும் காட்சியைக் கண்டு மகிழ்வாரும் உளர். இத்துணைப் பொருட்செலவு எற்றுக்கு என முணுமுணுப்பாரும் உளர். எம் விடுதியில் இரு கட்சியாரும் உண்டு. அவர்கள் வாதிடுங்கால் பிரான்சு தேசத்தையும் உருசிய தேசத்தையும் சான்று காட்டுவரேயன்றி, நம் தென்னாட்டிலேயே ஐந்நூறாண்டுகட்கு முன்னர் இவ்வழக்கத்தைத் தம் ஆட்சியின் நடுவில் வைத்துப் போற்றிய பேரரசர் ஒருவரை நினைப்பாரில்லை. அவரே விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர். மேற்கூறிய வினாவை மனத்திற்கொண்டு அவர் சரிதத்தை ஈண்டு வரையப் புகுந்தோம்.

எமக்கு இவ்வரசர் முற்றும் அயலாரல்லர். எம்மூராகிய காணை, விழுப்புரத்தினின்று செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. அவ்வழியே மேலும் சென்றாற் செஞ்சிக் கோட்டை. அதற்கும் மேற்கே திருவண்ணாமலை. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி கால்கொண்டது ராயர் காலத்திலேதான் என்பது மரபு. திருவண்ணாமலையின் பதினொரு நிலைக் கோபுரம் அவர் தொடங்கியது. ஆயினும் எம்மூர்ப் பெரியோர்க்குத் தேசிங்கு ராசன் கதை தெரிந்த அளவில் ராயர் கதை தெரியாது. தேசிங்கு ஆண்டதோ சின்மாதமே. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது இளமையிலேயே மாண்டான். களத்திற் பட்டவனைப் பாட்டு நினைக்கும், வென்று ஆண்டவனைக் கல்வெட்டு மட்டுமே நினைக்கும் போலும்!

கிருஷ்ணதேவராயர் துளுவ மரபினர். நரச நாயக்கர்க்கு நாகலாம்பாளிடம் பிறந்தவர். இவர்க்கு மூத்தவரும் மாற்றாந்தாய் மகனுமாகிய வீரநரசிம்மர் அரியணையில் இருந்து, 1509-இல் நோய்வாய்ப்பட்டார். தமக்குப்பின் தம் இளமைந்தனே ஆளவேண்டும் எனக் கருதி, தம்பியின் கண்களைத் தோண்டிக் கொணருமாறு அமைச்சர் சாளுவ திம்மருக்குக் கட்டளையிட்டனர் என்றும், திம்மர் ஓர் ஆட்டின் கண்களைக் காட்டி இவரைக் காத்தனர் என்றும் நூனிஸ் என்னும் போர்த்துக்கேசியக் குதிரை வணிகர் எழுதிவைத்துள்ளார். இக்கதையை முற்றும் நம்புதல் அரிது. தம்பிக்கே தமையனார் விருப்பத்தோடு அரசளித்தார் என்பாரும் உளர். எவ்வாறாயினும், திம்மரை ராயர் அப்பாஜி என்றழைத்துத் தந்தையாகவே மதித்து வந்தமை உண்மை. இச்செய்தியை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் இது வேண்டப்படும்.

பட்டமெய்திய காலத்துப் பேரரசு நாற்புறமும் நெகிழ்ந்திருந்தது. வடக்கே பாமினி அரசு சிதைந்து, அதனின்று சுல்தானியங்கள் பல தலையெடுத்தன. கிழக்கே உதயகிரி, கொண்டவீடு முதலிய கோட்டைகள் கலிங்கத்துக் கஜபதியின் கையில் இருந்தன. தெற்கே உம்மத்தூர்த் தலைவன் கங்கராசன் திறை மறுத்தான். மேலைக் கடற்கரையில் 1510-இற் போர்த்துக்கேசியர் கோவாவைப் பற்றிக்கொண்டு, அரபு நாட்டுக் குதிரை வாணிகத்தைத் தம் கையில் அடக்கினர். ராயர் முதலில் உம்மத்தூரை அடக்கினார். பின்னர்க் கிழக்கே திரும்பி, நெடுநாள் முற்றுகையிட்டு 1514-இல் உதயகிரியையும், மறு ஆண்டிற் கொண்டவீட்டையும் கொண்டார். சிம்மாசலம் வரை சென்று, பொட்நூரில் வெற்றித்தூண் நாட்டினார். கஜபதி பிரதாபருத்திரன் தன் மகளை அவர்க்கு மணஞ்செய்து கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான். ராயரும் கிருஷ்ணையாற்றிற்கு வடபால் வென்ற நிலத்தைத் திருப்பித் தந்தனர்.

அப்போரிற் சிறைப்பட்ட கஜபதியின் மகன் வீரபத்திரனைக் குறித்தும் நூனிஸ் ஒரு செய்தி கூறுவர். வாட்போரில் வல்லவன் எனக் கேள்வியுற்ற ராயர், தம் அவையில் அவன் திறத்தைக் காட்டுமாறு பணித்து, எளிய குடியிற் பிறந்த ஒருவனை அவனுக்கெதிரே நிறுத்தினர். அவ்விளவரசன் அதனைப் பொறாது தன்னுயிரைப் போக்கிக்கொண்டான் என்பது. அவன் பின்னர்க் கன்னட நாட்டில் ஒரு சீமையை ஆண்டதாகச் சாசனம் கூறுதலின் இஃது ஐயத்திற்குரியது. எனினும், வென்றார்க்கு வேடிக்கையாவது தோற்றார்க்கு எத்தகையது என்பதை அக்காலத்தாரும் அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கதை போதும்.

கலிங்க வெற்றியிலிருந்து மீண்ட பின்னர் ராயர் அரண்மனை வளாகத்தில் ஒரு மேடையைப் பெருக்கிக் கட்டுவித்தார். வெற்றி மாளிகை என வெளிநாட்டார் அழைத்த அம்மேடையே இன்று ஹம்பியில் மாநவமி திப்பா எனப்படுவது. புரட்டாசித் திங்களையொட்டி வரும் நவராத்திரியின் ஒன்பது நாளும் விஜயநகரத்தின் பெருவிழா நாட்கள். இவ்விழா ராயர்க்கு முன்னரே உண்டு. 1443-இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும் இதனைக் கண்டு வியந்துள்ளார். எனினும் ராயர் காலத்து விழாவை, ஏறத்தாழ 1520-இல் அந்நகரிற் றங்கிய தொமிங்கோ பாயஸ் என்னும் போர்த்துக்கேசியர் கண்டெழுதியதுபோல் விரிவாக எழுதினார் பிறர் இலர். ராபர்ட் சூவெல் என்னும் அறிஞர் அக்குறிப்பை மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்டபின்னரே உலகம் அதனை நன்கறிந்தது.

பாயஸ் கண்ட ராயர் நடுத்தர உயரத்தினர். சற்றே பருத்த மேனியர். முகத்தில் அம்மைத் தழும்புடையவர். விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் பருகி, மேனியெங்கும் எண்ணெய் பூசி, பளுத் தூக்கியும் வாள் வீசியும் மற்போர் செய்தும் வியர்வையெல்லாம் போக்கி, பின்னர்க் குதிரையேறி வெளிநிலத்திற் சுற்றி வருவர். இன்முகமும் உடையர், திடீரென மூளும் வெகுளியும் உடையர்.

ஒன்பது நாளும் மேடையின் முன்றிலில் மற்போரும் நாட்டியமும் வாணவேடிக்கையும் நிகழும். அணிபூண்ட குதிரைகளும் யானைகளும் வந்து நிற்கும். அரண்மனை மகளிர் அணிந்த பொன்னின் பாரந் தாங்கமாட்டாது அவரைப் பக்கத்தே பிறர் தாங்கி வருதலும் உண்டாம். விழா முடிந்தபின் நிகழ்வது படைக்காட்சி. நகரினின்று ஏறக்குறைய ஒரு காதத் தொலைவிற் பட்டுக் கூடாரம் ஒன்று அமைத்து, அதில் தெய்வத்தை எழுந்தருளுவிப்பர். கூடாரத்தினின்று நகர்வாயில் வரை, வழியின் இருமருங்கும் தலைவர்கள் தத்தம் படைகளோடு நிற்பர். முன்னே காலாட்கள், அவர்க்குப் பின் குதிரைகள், அவற்றிற்கும் பின் யானைகள். காலாட்களின் கேடகங்களிற் பொன்னாலும் வெள்ளியாலும் பூக்களும், புலி முதலிய விலங்குகளும் பொறித்திருக்கும். குதிரைகட்கு வெள்ளி நெற்றிப்பட்டம். துப்பாக்கி ஏந்தினாரும், வில்லும் எறிவேலும் தாங்கிய முஸ்லிம் வீரரும் அவ்வணியில் உண்டு. ராயர் குதிரை மீதமர்ந்து அவ்வழியே செல்லுங்கால் வீரர் ஆர்த்தெழுந்து கேடகங்களை அறைவர், குதிரைகள் கனைக்கும், யானைகள் பிளிறும். மலையும் பள்ளத்தாக்கும் அதிர்ந்தன என்றும், தாம் காண்பது கனவோ என மயங்கினார் என்றும் பாயஸ் எழுதுகின்றார். பத்து லட்சம் வீரர், அவருள் கவசம் பூண்ட குதிரை வீரர் முப்பத்தையாயிரவர் என்பது அவர் தரும் கணக்கு. கணக்கிற் சிறிது கனவு கலந்திருப்பினும் வியப்பில்லை.

இவ்வணிவகுப்பு வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. விஜயநகரப் படையின் பெரும்பகுதி அரசர் கையில் நேரே இருந்ததன்று. நாயக்கர் ஒவ்வொருவரும் நிலம் பெற்று, அதற்கீடாக இத்துணைக் குதிரை, இத்துணைக் காலாள் வைத்திருத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. நிலத்தின் பயனை நுகர்ந்து படையைக் குறைத்து வைக்கும் நாயக்கரும் இருப்பரன்றோ? ஆண்டிற்கொருமுறை எல்லாப் படையையும் ஒரே வெளியில் நிறுத்தி அரசர் தம் கண்ணாற் காண்பது, அவ்வேமாற்றத்திற்கு ஒரு தடை. எனவே இக்காட்சி ஒரு வகையிற் கணக்குப் பார்த்தலே.

அற்றேல், அக்கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். நாயக்கர்கள் அரசர்க்குரிய இறையைச் செலுத்துவதும் இவ்வொன்பது நாளிலேதான். உழவர் தம் விளைவிற் பத்தில் ஒன்பது பங்கைத் தலைவர்க்கு அளித்தனர் என்றும், தலைவர் அதிற் பாதியை அரசர்க்கு அளித்தனர் என்றும் நூனிஸ் கூறுவர். பத்தில் ஒன்பது என்பது மிகை என வரலாற்றாசிரியர் கருதுவர். மிகையைக் கழித்தாலும் சுமை சிறிதன்று. குதிரைகளோ ஓர்மசினின்று கடல் வழியே வந்தன. ராயர்க்கு முன்னாண்ட சாளுவ நரசிம்மர், கடலில் இறந்த குதிரைக்கும் அதன் வாலைக் காட்டினால் முழுவிலை கொடுத்தனராம்! அவ்விலை எங்கிருந்து வந்தது? கிருஷ்ணையாற்றிலிருந்து தென்குமரி வரை நெல் விளைந்த வயல்களிலிருந்து வந்தது. தென்பெண்ணைக் கரையிலும் செஞ்சிச் சீமையிலும், எம் காணையை உள்ளிட்ட இந்நிலப்பகுதியிலும் ஏரி நீர் பாய்ச்சி உழுதவர்கள் அவ்வெள்ளி நெற்றிப்பட்டத்திற்கு விலை தந்தவர்கள். அவருள் ஒருவரேனும் துங்கபத்திரைக் கரை சென்று அப்படைக்காட்சியைக் கண்டிருப்பர் என்று எமக்குத் தோன்றவில்லை. நாயக்கர் அரசர்க்குக் கணக்குக் காட்டினர். உழவர்க்குக் கணக்குக் காட்டியவர் யார்?

இனி அவ்விழாவின் முடிவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவாம். கூடாரத்தே வழிபாடு முடித்த ராயர், வில்லையெடுத்து மூன்று அம்புகள் எய்வர். ஒன்று பீசப்பூர் அடில் ஷாவைக் குறித்தது. ஒன்று கோல்கொண்டா அரசனைக் குறித்தது. மற்றொன்று போர்த்துக்கேசியரைக் குறித்தது. எவ்வம்பு மிகத் தொலைவிற் சென்று வீழ்கின்றதோ அத்திசை நாட்டின்மேற் போர் தொடுப்பது வழக்கம் என்று பாயஸ் எழுதுகின்றார். அம்பு விழுந்த தொலைவைக் கொண்டு ராயர் போர் தீர்மானித்தார் என்பதை யாம் நம்புகின்றிலோம். திம்மரைப் போன்ற அமைச்சரை அருகில் வைத்திருந்தவர், படையெடுப்பை மன்றத்திலே ஆராய்ந்திருப்பர். ஆனால் விழாவென்று கூடிய பல்லாயிரவர் முன்னர், அண்டை நாடு இன்னின்னது என அம்பாற் சுட்டிக் காட்டினால், அவருள்ளத்தில் விழாவும் பகையும் ஒன்றாகவே பதியும். யாம் இப்படைக்காட்சியிற் குறை காண்பது இவ்விடத்திலேதான்.

சங்க காலத்துத் தமிழ் வேந்தர் தம் பெருநாளை எவ்வாறு கொண்டாடினர் என்பதை இலக்கணம் பயில்வார் அறிவர். தொல்காப்பியம் பாடாண்டிணையில் வாள்மங்கலத்தையும் கூறுகின்றது. பிறந்தநாட் பெருமங்கலத்தையும் கூறுகின்றது. முன்னையது வேந்தன் வாளைச் சிறப்பித்து வாழ்த்துவது. பின்னையதில் வேந்தன் வெள்ளணி அணிந்து, செற்றம் விடுத்து, சிறைப்பட்டாரை விடுவித்து, அன்றைக்குப் போரும் கொலையும் ஒழிந்து, இறையும் தவிர்ப்பான் என உரையாசிரியர் விளக்குவர். இரண்டும் மங்கலமே எனினும், இரண்டையும் ஒரே நாளில் வைக்க நம் முன்னோர் துணிந்திலர் போலும்.

கிருஷ்ணதேவராயர் வாழ்வில் இவ்விரண்டு மங்கலமும் உண்டு. 1517-இல் அவர் சோழ மண்டலத்துச் சிவன் கோயில்கட்கும் திருமால் கோயில்கட்கும் பதினாயிரம் பொன் அளவிற்கு இறை நீக்கி அருளினார். அச்செய்தி கல்லில் வெட்டப்பட்டுளது. சிதம்பரத்து வடகோபுரம், காளத்திக் கோபுரம், திருவண்ணாமலைக் கோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் அவ்வாண்டுகளையொட்டி எழுந்தவை. காளத்திக் கோபுரம் 2010-இல் இடிந்து வீழ்ந்து, பின்னர்ப் புதிதாகக் கட்டப்பட்டது. திருவண்ணாமலையில் 217 அடிக் கோபுரத்தைப் பின்னர்த் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்தனர். தெலுங்கில் ராயர் இயற்றிய ஆமுக்தமால்யதையோ, நம் வில்லிபுத்தூர் ஆண்டாளின் கதை. தாய்மொழி வேறாயினும் தமிழ்நாட்டு மகளைக் காப்பியத் தலைவியாக்கிய அரசர் அவர். அந்நூலில் அவர் கூறும் அரசியல் நெறியில் துறைமுகங்களைப் பேணுதலும் குளங்கால்வாய் பெருக்குதலும் இடம்பெறுகின்றன.

ஆனால் அம்புகள் சுட்டிய வழி வேறொன்று. 1520-ஆம் ஆண்டு மே மாதத்தில் ராயச்சூரில் அடில் ஷாவோடு பெரும்போர் நிகழ்ந்தது. ஏழு லட்சத்திற்கு மேற்பட்ட காலாட்கள் சென்றனர் என்று நூனிஸ் கணக்கிடுகின்றார். முதலணி உடைந்து ஓடுதல் கண்ட ராயர், தாம் மாண்டால் தேவியர்க்கு அடையாளமாகக் காட்டுமாறு தம் கணையாழியை ஓர் ஏவலாளனிடம் தந்து, குதிரையேறி இரண்டாம் அணியோடு பாய்ந்தனர். போர் திரும்பிற்று. தோற்றோடியவரை ஆற்றைக் கடந்தும் துரத்த ஒட்டாது தடுத்தனர். ராயச்சூர்க் குடிகளின் உடைமைக்கும் காவல் தந்தனர். மாநவமி வெளியிற் கேடகம் அறைந்த ஆரவாரத்தினும், களத்திலே காட்டிய இக்கட்டுப்பாடே அவர்க்குப் பெருமை.

அப்பெருமை நெடுநாள் நிலைத்திலது. சமாதானம் வேண்டி வந்த அடில் ஷாவின் தூதரை நெடுநாள் காக்கவைத்து, ஷா தாமே நேரில் வந்து தம் அடியை முத்தமிடல் வேண்டும் என ராயர் கேட்டனர். அதற்காக எல்லை வரை சென்றும் காத்திருந்தனர். ஷா வந்திலர். வெகுண்ட ராயர் பீசப்பூருக்கே படையோடு சென்று தங்க, அந்நகரம் பெரிதும் பாழாயிற்று. ராயச்சூரை மீட்பது அரசியற் காரணம் உடையது. அடி முத்தம் கேட்டதற்கு யாதொரு காரணமும் இல்லை, பலர் காணத் தம் உயர்வைக் காட்டல் வேண்டும் என்பதன்றி. தனித்தனியே நின்ற சுல்தான்கள் பிற்காலத்தில் ஒன்றுகூட விதைக்கப்பட்ட வித்துக்களுள் இதுவும் ஒன்றென வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். எம் கருத்தும் அதுவே.

இக்காலத்துப் படைக்காட்சிகளை இதனோடு வைத்து நோக்குவாம். பிரான்சு தேசத்தார், பிரஷ்யாவிடம் தோற்ற பின்னர், தம் படை மீண்டும் எழுந்ததென்று குடிகட்குக் காட்டவே 1880 முதல் சூலை 14-ஆம் நாள் அணிவகுப்பை நடத்தலாயினர். நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டின் முதற் குடியரசு நாளில் தில்லி இர்வின் விளையாட்டரங்கில் இராசேந்திர பிரசாத் அணிவகுப்பை ஏற்றனர். 1955 முதல் அது, 2022-இற் கர்த்தவ்ய பாதை எனப் பெயர் மாறிய ராஜபாதையில் நடந்து வருகின்றது. படையோடு மாநிலங்களின் அலங்கார ஊர்திகளும் பள்ளிச் சிறாரும் செல்வர். வரி செலுத்தும் குடிமகன் தான் வாங்கிய ஆயுதத்தைத் தன் கண்ணாற் காண்கின்றான். படையானது தான் தேர்ந்த ஆட்சிக்கு அடங்கி நிற்பதையும் காண்கின்றான். மாநவமியில் உழவர்க்குக் கிடையாத கணக்கு, இங்கே ஒருவாறு கிடைக்கின்றது. இவ்வளவில் இது வேண்டுவதே என்பது எம் துணிபு.

ஆயினும் எல்லா அணிவகுப்பும் அத்தகையதன்று. 2009-இல் உள்நாட்டுப் போர் முடிந்தவுடன் கொழும்பு காலிமுகத் திடலில் நடந்த வெற்றி அணிவகுப்பை எண்ணுக. அந்நாட்டுக் குடிகளுள் ஒரு சாரார், உற்றாரை இழந்தும் முகாம்களில் அடைபட்டும் இருந்த நாளில், மற்றொரு சாரார்க்கு அது விழாவாயிற்று. வீரபத்திரன் கதை நம் நினைவிற்கு வருகின்றது. அம்பு அண்டை நாட்டை நோக்கினும் தீது. தன் குடிகளை நோக்கின் அதனினும் தீது. படையே வேண்டாம் என 1948-இல் விடுத்த கோஸ்டா ரிக்கா நாட்டிலோ, விடுதலை நாளுக்கு முன்மாலையிற் சிறுவர் கையில் விளக்கேந்தி வீதிவலம் வருகின்றனர். எல்லா நாட்டிற்கும் அந்நற்பேறு வாய்க்காது. நம் எல்லைகளின் நிலை அதற்கு இடந்தாராது. எனினும் நம் அணிவகுப்பிற் செல்லும் ஏவுகணையைக் காட்டி இஃது இன்ன நாட்டை எட்டும் என்று சிறுவர்க்குச் சொல்லிக் கொடுக்கும்பொழுது, நாமும் ராயரின் வில்லையே கையிலெடுக்கின்றோம்.

சரிதத்திற்கு மீளுவாம். 1524-இல் ராயர் ஆறு வயதினனாகிய தம் மகன் திருமலனுக்கு முடிசூட்டினர். அதன் பொருட்டு எட்டுத் திங்கள் விழாக் கொண்டாடப்பட்டது என நூனிஸ் கூறுவர். அவ்விழாக் காலத்திலேயே சிறுவன் நோயுற்று மாண்டான். திம்மரின் மகன் நஞ்சிட்டனன் என்று ராயர் கேள்வியுற்றார். பத்து லட்சம் வீரர் காவல் செய்த அரண்மனையுள் ஒரு பாலகனைக் காக்க முடிந்திலது. பழி உண்மையோ பொய்யோ, ராயர் அதனை நம்பி, திம்மரையும் அவர் மைந்தரையும் சிறையிலிட்டு, அவர்தம் கண்களைப் போக்கினர். முன்னர் ஆட்டின் கண்ணைக் காட்டி இவர் கண்ணைக் காத்தவர் என்று சொல்லப்பட்ட அப்பாஜியே அவர்.

அதன்பின் ராயர் நெடுங்காலம் வாழ்ந்திலர். பீசப்பூரின்மேல் மீண்டும் படையெடுக்க எண்ணியிருக்கையில் நோயுற்று 1529-இல் உயிர் நீத்தனர். தம்பி அச்சுதர் பட்டமெய்தினர். மாநவமி அவர் காலத்தும் அதே பொலிவோடு நடந்தது. நூனிஸ் நேரிற் கண்டது அதனையே. ராயர் மறைந்து முப்பத்தாறாம் ஆண்டில், 1565 சனவரி 23-இல், தக்காணச் சுல்தான்கள் ஒன்றுகூடி விஜயநகரப் படையைத் தலைக்கோட்டைப் போரில் முறியடித்தனர். நகரம் பல திங்கள் கொள்ளையிடப்பட்டது. பின்னர் 1610-இல் மைசூர் ராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தில் அந்நவராத்திரி விழாவைத் தம்முடையதாக்கிக் கொண்டனர்.

ஹம்பியில் மேடை மட்டும் நிற்கின்றது. அதன் மேலிருந்த மண்டபங்கள் அழிந்தன. பக்கக் கற்களில் யானைகளும், அயல்நாட்டு வணிகர் பிடித்துவரும் குதிரைகளும், ஆடுமகளிரும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். ராயரின் வடிவத்தைக் காண விரும்புவார் அங்கே செல்லவேண்டுவதில்லை. ஏழுமுறை அவர் சென்று வணங்கிய திருமலையில், திருமலாதேவி சின்னாதேவி என்னும் தேவியர் இருவர்க்கும் நடுவே, செப்புத் திருமேனியாகக் கைகூப்பி நிற்கின்றார்.